மணிக்கட்டு வரை

ஆஸ்பத்திரியில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் குளித்த முடி பறக்கிறது, காதோரம் கூசுகிறது, இடது கையால் ஒதுக்கினால் மறுபடி வந்து விழுகிறது. கணவர் தியாகேசன்தான் காலையில் சீவிவிட்டார். வகிடு கோணலாகத்தான் இருக்கும். மங்கையர்க்கரசி கண்ணாடி பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லவேண்டிவரும், சொன்னால் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார், பஸ் போய்விடும். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனிதர், சீப்பையும் கட்டிங் பிளேயர் மாதிரிதான் பிடிக்கிறார். அவருடைய கைக்குட்டையில்தான் இப்போது அவளுடைய தோடு, மூக்குத்தி, தாலிச்செயின் எல்லாம் முடிச்சாக இருக்கின்றன. காந்தம் வைத்துச் செய்கிற சோதனை, உலோகம் கூடாது. வெளியே பெஞ்சில் முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே ஏசி அதிகம். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் அவளைச் சாய்த்து உட்காரவைத்து, வலது முன்கையைத் தலையணைமேல் எடுத்துவைத்தாள் பெனிட்டா. பிசியோதெரபி செய்கிற பெண், மங்கையின் கையையும் காலையும் நீட்டி மடக்குகிறவள். எடுத்துவைத்தாள் என்றால் எடுத்துத்தான் வைத்தாள், கடைக்காரர் சாமானைத் தராசில் வைக்கிற மாதிரி. கை கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கி, கட்டைவிரல் அவற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டு. பிறந்த குழந்தைகள் இப்படித்தான் மூடிவைத்திருக்கும். அவள் வேலை பார்த்த லேபிலிருந்து பிரசவ வார்டுக்கு ரத்தம் எடுக்கப் போனால் குதிகாலைத்தான் பிடிக்கவேண்டும், கை பக்கமே போகமுடியாது. எத்தனை குதிகால். எத்தனை பேரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டுங்க, மூடுங்க, விடுங்க என்று சொல்லியிருப்பாள். மூடுங்க என்றதும் மூடுவார்கள். யாராவது ஒருத்தர், எப்படி மூடுவது என்று கேட்டிருக்கிறார்களா.

மூடுவது இருக்கட்டும், திறப்பது. திறக்கத்தான் வரவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், புதிதாகப் போட்ட வேகத்தடையில் ஸ்கூட்டி தூக்கிப்போட்டது. வெள்ளைக்கோடு இன்னும் அடிக்கவில்லையாம். ஹெல்மெட் போட்டிருந்தாளாம், கிளிப்பை மாட்டவில்லையாம். எல்லாம் 'ஆம்'தான், அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அன்று காலை கத்தரிக்காய் நறுக்கித் தண்ணீரில் போட்டது ஞாபகம் இருக்கிறது. காய்கள் மிதந்தன. அதற்கப்புறம் ஒரு வெள்ளைச் சுவர், அதில் தியாகேசனின் முகம், தாடியோடு. நடுவில் என்ன நடந்தது என்பது மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த அவளுடைய கதை. மண்டையைத் திறக்கவில்லை, ரத்தக்கட்டு தானாகக் கரைந்தது, பேச்சு முதலில் குழறிப் பிறகு வந்துவிட்டது, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்கிறது. இது மட்டும் வரவில்லை. தியாகேசன் மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்து ஒன்று வாங்கிவந்தார். அதை அவள் உள்ளங்கையில் திணித்து, அமுக்கு மங்க, அமுக்கு, என்பார். அது அமுங்கும், விரல்கள்தான் ஏற்கெனவே மடங்கியிருக்கின்றனவே. பிறகு, விடு என்பார். விடாது. பந்தை அவரே பிடுங்கி எடுப்பார். இது ஏதோ நல்ல சகுனம் என்று இரண்டு பேருமே நம்பினார்கள், பிடிப்பு இறுகுகிறது என்று. அண்ணி வந்தார், தியாகேசனின் அக்கா. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க தெருவுல ஒருத்தருக்கு வாய்கூடக் கோணிப்போச்சு. இன்னிக்கு சைக்கிள் ஓட்டுறார். எல்லாம் வைராக்கியம் மங்க. மனசு வெச்சா முடியாதது என்ன இருக்கு?" அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மனசு வெச்சா. மனசு வெச்சா. ஒரு கட்டத்தில் அது கேள்வியாக மாறிவிட்டது. மனசு வெக்கலியா நீ? தியாகேசன் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் பந்தைப் பிடுங்கி எடுக்கிறபோது அவர் விடுகிற மூச்சில் அது இருக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கிறது என்று சில நாள் தோன்றும். இல்லை என்று சில நாள். அவளுக்கே தெரியவில்லை, மனசு வைத்தாளா. வைத்தால் எங்கே வைப்பது. தோளிலா, முழங்கையிலா.

அதனால்தான், யாருக்கும் சொல்லமுடியாத ஒரு ஆசை அவளுக்கு இருந்தது. மூளையிலிருந்து கைக்கு வருகிற பாதை அறுந்திருக்கவேண்டும். இன்றைக்கு இந்த மெஷினில் எதுவும் வரக்கூடாது. வராவிட்டால், அவள் சோம்பேறி இல்லை என்று ஆகிவிடும். இப்படி ஒருத்தி ஆசைப்படுவாளா, தன் கைக்கே? பஸ்ஸில் வரும்போது இந்த நினைப்பு வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோல. வந்தால் என்ன செய்வாய், ஸ்க்ரீனில் அலை வந்துவிட்டால்? பாதை இருக்கு, நீங்கதான் முயற்சி பண்ணலை என்று டாக்டர் சொல்லிவிட்டால்? அதை வெளியே போய் அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் நஸ்ரின் வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சின்ன வயசு, குரல் மட்டும் பெரிய வயசு. வலிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று முன்பே கேட்டதை மறுபடியும் கேட்டுக்கொண்டார். பிறகு தன் தலையையே தொட்டுக் காட்டினார். "இந்த எடத்துலேர்ந்து கைக்கு ஒரு பாதை கெளம்புது. நரம்பு நாருங்க, கட்டுக்கட்டா கீழ எறங்குது. கழுத்துக்கு மேல ஒரு எடத்துல குறுக்க தாண்டி அந்தப் பக்கம் போயிடும். அதனாலதான் உங்களுக்கு எடது பக்கம் மூளையில அடி, வலது கை வேலை செய்யல. அப்புறம் முதுகுத்தண்டு வழியா கைக்கு வருது. நான் மேல காந்தத்தால ஒரு தட்டு தட்டுவேன். பாதை இருந்துச்சுன்னா கீழ தசை துடிக்கும். துடிச்சா ஸ்க்ரீன்ல ஒரு அலை விழும்." நான் என்ன செய்யணும் டாக்டர், என்றாள் மங்கை. "ஒண்ணும் செய்யவேணாம். சும்மா இருங்க. அது போதும்." ஒண்ணும் செய்யவேணாம். விழுந்ததிலிருந்து இதை அவளிடம் யாருமே சொன்னதில்லை. சும்மா இருங்க. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசிக் காற்று என்று நினைத்திருப்பார்கள். பெனிட்டா இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலுக்குக் கீழே, சதை திரண்ட இடத்தில், ஒட்டுகிற பட்டைகளை ஒட்டி ஒயர்களை மாட்டினாள். "முதல்ல நல்ல கை, அக்கா. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு." டாக்டர் எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கருவியைத் தூக்கி அவள் தலையின் வலதுபக்கம் வைத்தார். கனமாக இருந்தது. டக் என்றது. யாரோ விரல் கணுவால் கதவைத் தட்டினமாதிரி. கொஞ்சம் நகர்த்தினார். டக். மடிமேல் இருந்த இடது கை துள்ளியது.

அவள் துள்ளச் சொல்லவில்லை. அதுவே துள்ளியது. மறுபடி டக், மறுபடி துள்ளல், ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் வெடுக்கென்று போய் வந்தது, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விரல் போல. அவளைக் கேட்கவில்லை. அவளுடைய மனசைக் கேட்கவில்லை. அவள் வைராக்கியசாலியா, வீட்டில் தினமும் பயிற்சி செய்கிறாளா, எதுவும் கேட்கவில்லை. மேலே தட்டினார்கள், கீழே துள்ளியது. இவ்வளவுதானா ஒரு கை. இந்த விரலால் சாவித்துவாரத்தைத் தடவிக் கண்டுபிடித்திருக்கிறாள், மாவில் உப்புப் போதுமா என்று பார்த்திருக்கிறாள், மகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு டாட்டா காட்டியிருக்கிறாள், எல்லாம் தான் செய்கிறதாக நினைத்துக்கொண்டு. நல்லா வருது, என்றார் டாக்டர். பெனிட்டா ஸ்க்ரீனைப் பார்த்து எதையோ குறித்தாள். கருவி இப்போது தலையின் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம்தான் அடி. தோல் எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் அங்கே யாராவது கை வைத்தால் மங்கைக்குப் பற்கள் கடிபட்டுக்கொள்ளும். டக். ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தி, டக். ஒன்றுமில்லை. பவரைக் கூட்டறேன், கண்ணு லேசா துடிக்கும், பயப்படாதீங்க, என்றார். டக். இமை துடித்தது, தாடை வெட்டியது, கை தலையணைமேல் கிடந்தது. தூங்குகிற பூனை எழுந்துகொள்ளுமா என்று பார்ப்பதுபோல மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்போ நான் தட்டுறப்ப நீங்க விரலை விரிக்கப் பாருங்க. வரலன்னாலும் பரவாயில்ல, முயற்சி பண்ணா பாதை கொஞ்சம் சுறுசுறுப்பாகும்," என்றார் டாக்டர். சரி. விரி. யாரிடம் சொல்கிறோம் இதை. முன்பெல்லாம் சொன்னதே இல்லை, தம்ளரை எடுக்கவேண்டும் என்றுதான் தோன்றும், விரியவேண்டும் என்று தோன்றாது. தம்ளர் கைக்குள் இருக்கும். இப்போது விரி என்று சொன்னால் அந்தச் சொல் தோள் வரை போகிறது, தோள் தூக்கிக்கொள்கிறது, மூச்சு அடைத்துக்கொள்கிறது, எங்கோ இருட்டில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போகிற மாதிரி. விரி. டக். விரி. டக். தோளைத் தளர்த்துங்கக்கா, என்றாள் பெனிட்டா. டாக்டர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அது மங்கைக்குத் தெரிந்த சைகை. லேபில் இவளும் அப்படித்தான். ரிசல்ட் மோசமாக வந்து, அந்த மனிதரே கவுண்டருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தால், டியூப்களை நேராக அடுக்குவாள், பேனாவைத் தேடுவாள். முகத்துக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. வரவில்லை. ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவள் சோம்பேறி இல்லை. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ சரிந்து கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. இந்த விரல்கள் இனி இல்லை என்றால் லேபும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் என்று வந்தால் பூ கட்ட வராது. பூவை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பூவுக்காகவா அழுகிறாய். இல்லை, பூவுக்காக இல்லை. எல்லாருக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைத்தாயே, கையை நினைத்தாயா. குளிர்ந்துபோய்க் கிடந்தது அது. இடது கையை நீட்டி அதன்மேல் வைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் குடுங்க டாக்டர்," என்றாள் பெனிட்டா, அவளுக்காக. டாக்டர் கருவியைக் கீழே வைத்தார்.

பிறகு பெனிட்டா பட்டைகளை விரலிலிருந்து உரித்து, முன்கையின் மேல்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒட்டினாள். மணிக்கட்டைத் தூக்குகிற தசை இங்கதான் இருக்கு, இதையும் பாத்துடலாம், என்றார் டாக்டர். பார்க்கட்டும். மங்கைக்கு இனி எந்த ஆசையும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. டக். டக். கருவி ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தது. மணிக்கட்டைத் தூக்குங்க. தூக்கினாள், தூக்குவதாக நினைத்தாள். டக். பெனிட்டா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. இன்னொரு டக். "இருக்கு," என்றார் டாக்டர், யாரிடமும் சொல்லாமல், ஸ்க்ரீனிடம். பிறகு ஸ்க்ரீனை அவள் பக்கம் திருப்பினார். இடது கையின் அலைகள் மேலே, கோபுரம் கோபுரமாக. கீழே நேர்க்கோடு ஒன்று ஓடி, எழாது என்று நினைக்கிறபோது, கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன மேடு. எறும்புப் புற்று அளவு. "மெலிஞ்சுதான் இருக்கு. வந்து சேர நேரமும் ஆகுது. ஆனா வருது." மங்கை அந்த மேட்டைப் பார்த்தாள். கையில் எதுவும் அசையவில்லையே, துள்ளவில்லையே, உள்ளே மட்டும் நடந்திருக்கிறதா. அவளுக்குத் தெரியாமல், ஐந்து மாதமாக, அடைபட்ட வீட்டுக்குள் ஒருத்தர் நடமாடிக்கொண்டிருந்த மாதிரி. இன்னொரு தடவை தட்டுங்க டாக்டர், என்றாள். தட்டினார். மேடு. இன்னொரு தடவை. "போதும், தலை வலிக்கும்," என்று சிரித்தார் நஸ்ரின்.

தியாகேசனை உள்ளே கூப்பிட்டார்கள். கைக்குட்டை முடிச்சோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொல்லச் சொல்ல அவருடைய கண் ஸ்க்ரீனுக்கும் மங்கைக்கும் போய்ப்போய் வந்தது. ஸ்கேனிலும் அந்த நார்க்கட்டு மெலிந்துதான் தெரிகிறது, இன்றைக்குப் பார்த்ததும் அதோடு ஒத்துப்போகிறது என்றார். விரலுக்குப் போகிற பாதை இன்று பதில் சொல்லவில்லை, அது திரும்பி வருவதற்கு வாய்ப்புக் குறைவு, ஒரு சோதனையை மட்டும் வைத்து அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவேண்டாம் என்றார். மணிக்கட்டுக்குப் பாதை இருக்கிறது, பயிற்சியை அங்கே போடுவோம் என்றார். "வீட்டுல என்ன செய்யறீங்க?" என்று கேட்டார். தியாகேசன் பந்தைப் பற்றிச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. "அதை நிறுத்திடுங்க சார். ஏற்கெனவே விரல் உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. அமுக்க அமுக்க இன்னும் இறுகும்." அவர் முகம் கறுத்துப்போனது. பெனிட்டா பேச்சை எடுத்துக்கொண்டாள். "மணிக்கட்டைத் தூக்கறதுக்கு ஒரு சின்ன கரண்ட் மெஷின் வெச்சுப் பழக்குவோம் சார். ராத்திரிக்கு விரலை நீட்டிவெக்க ஒரு பட்டை தர்றேன். மணிக்கட்டு தூக்க வந்துட்டா கைல பை மாட்டலாம், பேப்பரை அமுக்கிப் பிடிக்கலாம், அக்காவுக்கு அது ஒரு துணைக்கை. எழுதறது, சாப்பிடறது, ஊக்கு மாட்டறது எல்லாத்தையும் எடது கைக்கு மாத்திடுங்க. கூச்சப்படாதீங்கக்கா." தியாகேசன் சொன்னார்: "லைனே வராத எடத்துல பல்பைப் போட்டு ஆட்டிக்கிட்டே இருந்திருக்கேன் டாக்டர்." டாக்டருக்கு அது உடனே புரியவில்லை. மங்கைக்குப் புரிந்தது. அவரைப் பார்த்தாள், அவர் கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார், தாலிச்செயினும் தோடும் சிக்கிக்கொண்டிருந்தன, குனிந்து பிரித்துக்கொண்டே இருந்தார், தேவைக்கு அதிகமாகவே. முகத்துக்கு ஒரு வேலை. கிடக்கட்டும் விடுங்க, அப்புறம் போட்டுக்கறேன், என்றாள்.

வராந்தாவில் வரும்போது அவருடைய போன் அடித்தது. அண்ணி. போனை எடுத்தால் அண்ணியின் குரல் ஸ்பீக்கர் போடாமலே வெளியே கேட்கும். என்ன சொன்னாங்க, நல்லாப் பயிற்சி எடுக்கச் சொன்னாங்களா, அவளை விடாதடா, அவ கொஞ்சம் மனசு வெச்சா... "அக்கா," என்றார் தியாகேசன். நடப்பதை நிறுத்திவிட்டார். "மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. மூளையிலேர்ந்து விரலுக்கு வர்ற பாதை போயிருச்சு. அடிபட்ட அன்னிக்கே போயிருச்சு. அவ என்ன செய்வா? இனிமே யாரும் அவகிட்ட அதைச் சொல்லவேணாம். நீயும் சொல்லாத." வெச்சுடறேன்க்கா என்று வைத்துவிட்டார். அக்காவிடம் அவர் இப்படிப் பேசி மங்கை கேட்டதில்லை. சுவரோரம் ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது, வழிவிட்டு நின்றார்கள். காலை இழுத்து வைத்துத் திரும்பவும் நடந்தபோது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த நினைப்பைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அறுந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டேங்க என்று. வேண்டாம். அவர் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். "பசிக்குது," என்றாள்.

கேன்டீனில் பொங்கல் தீர்ந்திருந்தது. அவளுக்குத் தோசை, அவருக்குப் பூரி. சுற்றிலும் மேஜைக்கு மேஜை எக்ஸ்ரே கவர்களும் மருந்துப் பைகளும். தோசை வந்ததும் தியாகேசன் தன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் தோசையைப் பிய்க்க ஆரம்பித்தார். வீட்டில் அப்படித்தான்: பிசைந்து ஊட்டுவார், இல்லையென்றால் ஸ்பூன் போட்டுக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கவேண்டாம் என்று அவளே கேட்டது அது. மகள்கூடப் பார்த்ததில்லை. "விடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். அவர் விரல் தோசையில் இருந்தது. ஸ்பூன் வாங்கிட்டு வரட்டா, என்றார். வேணாம். இடது கையை மேஜைக்கு மேலே எடுத்தாள். காலையில் மெஷின் சொன்னபடி துள்ளிய அதே விரல். தோசையின் முறுகல் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்; தட்டே கூட வந்தது. வலது முன்கையைத் தூக்கி, எடுத்துத்தான் வைத்தாள், தட்டின் விளிம்புமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அது கனத்தோடு உட்கார்ந்தது. இப்போது பிய்ந்தது. எதிர் மேஜையில் ஃபைலோடு இருந்த ஆள் அவள் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தன் இட்லியைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் யாருக்கோ உடம்பு சரியில்லாமல்தான் இங்கே வந்திருப்பார். சாம்பார் மணிக்கட்டு வழியே ஒழுகியது, புடவையில் ஒரு சொட்டு விழுந்தது, துண்டு வாய்க்குப் போகிற வழியில் கொஞ்சம் சிதறியது. காரமாக இருந்தது, சூடாக இருந்தது. தியாகேசனின் கை துடைக்க நீண்டு, பாதியில் நின்று, திரும்பிப் போனது. "உங்க பூரி ஆறுது," என்றாள். அவர் குனிந்து பார்த்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, பூரியைக் கிள்ளிக் கிழங்கில் தோய்த்து வாயில் வைத்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள்.